புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனவருக்கு: தையல் செக்‌ஷனில் ஆட்களை நடத்தும் முறை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசராக வருகிறவர்களில் பலர் நேற்றுவரை ஓவர்லாக், பிளாட்லாக் போன்ற தையல் மிஷின்களில் உட்கார்ந்திருந்தவர்கள். கை வேகத்தையும் தையல் சுத்தத்தையும் பார்த்துப் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று உட்கார வைத்துச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. அதனால் புதியவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். லைன் தடுமாறினால் தானே மிஷினில் உட்கார்ந்து தைக்கிறார். இல்லையென்றால், தான் டெய்லராக இருந்தபோது தன்னைத் திட்டியவரைப் போலவே மற்றவர்களைத் திட்டுகிறார். அவரே தைத்தால் ஒரு மிஷின் ஓடும், மீதி மிஷின்களைப் பார்க்க ஆள் இருக்காது. திட்டினால் ஒரு மணி நேரத்துக்கு வேகம் கூடும், மறுநாள் ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) கூடும், அடுத்த வாரம் ஆள் குறையும்.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உற்பத்தி குறைந்தால் முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு ஆளைப் பாருங்கள். லைனில் சோம்பலாகத் தெரிவதில் பெரும்பகுதி நூல் அறுவதாலும், பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) நேரத்துக்கு வராததாலும், ஊசி மழுங்கியதாலும், எந்த அளவு வைத்துத் தைப்பது என்று தெளிவாகச் சொல்லாததாலும் வருவது. அந்தத் தடைகளை எடுப்பதற்குத்தான் உங்களை மிஷினிலிருந்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு 20 டெய்லர், 6 கைமடி (உதவியாளர்) உள்ள ஒரு லைனை வைத்துக்கொள்வோம். ஓடுவது ரவுண்ட் நெக் அரைக்கை டி-ஷர்ட்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

பொறுப்பேற்ற அன்றே இடம் மாற்றுவது, மிஷினைத் திருப்பிப் போடுவது எல்லாம் வேண்டாம். யார் யாருக்கு என்ன தெரியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் 26 பேரின் பெயரையும் எழுதுங்கள். மேலே வேலைகளை எழுதுங்கள்: ஷோல்டர் அட்டாச், நெக் ரிப் (கழுத்துப் பட்டை) அட்டாச், பின்கழுத்து டேப், ஸ்லீவ் மடிப்பு, ஸ்லீவ் அட்டாச், சைடு, பாட்டம் மடிப்பு, லேபிள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒரு குறி. தெரியாது, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார், தனியாகச் செய்வார், மற்றவருக்குச் சொல்லித் தருவார்.

கேட்டு மட்டும் இதை நிரப்பாதீர்கள். கூச்சப்படுகிறவர் தெரிந்ததையும் தெரியாது என்பார். புதிதாகச் சேர்ந்தவர் வேலை போய்விடும் என்று பயந்து தெரியாததையும் தெரியும் என்பார். மிஷின் பக்கத்தில் நின்று 10 பீஸுக்கு நேரம் பாருங்கள். பார்ப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும்: “வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிறேனுங்க்கா, நீங்க வழக்கம்போலத் தைங்க.” சொல்லாமல் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் கை தடுமாறும், உங்கள் மேல் சந்தேகமும் விழும். அது போக மாதக்கணக்காகும்.

தாள் நிறைந்ததும் லைனின் பலவீனம் கண்ணில் படும். நெக் ரிப் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அவர் லீவு போடும் நாளில் லைன் நிற்கும். ஒரு வேலைக்குக் குறைந்தது மூன்று பேர், ஒருவருக்குக் குறைந்தது இரண்டு வேலை என்பதை ஆறு மாத இலக்காக வையுங்கள். வாரத்துக்கு ஒருவர் என்று எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் இன்னொரு வேலையில் உட்கார வைத்தாலே போதும். பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) வேலை செய்கிறவராக இருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கான காசு எப்படி வரும் என்பதை மேனேஜரிடம் பேசி முடித்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள். கற்றுக்கொண்டால் வருமானம் குறையும் என்றால் யாரும் மனசோடு கற்றுக்கொள்ள மாட்டார்கள், அதில் அவர்கள் மேல் தப்பும் இல்லை.

காலையில் முதல் அரை மணி

வேலை 8.30க்கு என்றால் நீங்கள் 8.10க்கு லைனில் நிற்க வேண்டும். பார்க்க வேண்டியவை: கட்டிங்கிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கான பீஸ் வந்திருக்கிறதா, நூல் ஷேடு (நிறச் சாயல்) சரியா, லேபிள் சைஸ் வாரியாகப் பிரிந்திருக்கிறதா, ஒப்புதலான சாம்பிள் லைனில் தொங்குகிறதா, நேற்று ரிப்பேர் சொன்ன மிஷினை மெக்கானிக் முடித்துவிட்டாரா. 8.30க்கு டெய்லர் உட்கார்ந்த பிறகு நூல் தேடி ஸ்டோருக்கு ஓடினால், 20 பேர் ஆளுக்கு 15 நிமிடம் சும்மா இருப்பார்கள். மொத்தம் ஐந்து மணி நேர உழைப்பு காலையிலேயே போயிற்று.

ஆட்கள் வந்ததும் ஐந்து நிமிடம் நின்றபடி பேசுங்கள். நேற்று எத்தனை பீஸ் வந்தது, இன்றைக்கு என்ன ஸ்டைல், என்ன சைஸ், கவனிக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம். அவ்வளவுதான். அந்த இடத்தில் யாரையும் பெயர் சொல்லித் திட்டக் கூடாது. காலையில் 25 பேர் முன்னால் தலைகுனிந்தவர் அன்று முழுக்க மிஷினோடு சண்டை போடுவார். பாராட்ட வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி, என்ன செய்தார் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். “நேத்து பிளாட்லாக்ல நூல் ஷேடு மாறி வந்ததை இவங்கதான் முதல் பண்டில்லயே பார்த்து நிறுத்தினாங்க” என்றால் மற்றவர்களும் அடுத்த முறை நிறுத்துவார்கள். “எல்லாரும் நல்லா பண்ணீங்க” என்பது காற்றோடு போய்விடும்.

இலக்கைச் சொல்லும் விதம்

இலக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் லைனில் அதை நம்ப வைக்க முடியாது. கணக்கு எளிது. ஒரு பீஸின் எல்லாத் தையல் வேலைக்கும் சேர்த்து 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டெய்லர், எட்டு மணி நேரம்: 20 × 480 = 9,600 நிமிடம். எட்டால் வகுத்தால் 1,200 பீஸ். இது 100 சதவீதம். காகிதத்தில் மட்டும் இருக்கும் எண். பண்டில் அவிழ்ப்பது, நூல் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்ந்தால் 60 சதவீதம் நியாயமானது என்று வைத்தால் 720 பீஸ், மணிக்கு 90.

புது ஸ்டைல் ஏறும் நாளில் அந்த 90ஐக் கேட்காதீர்கள். முதல் நாள் 360, இரண்டாம் நாள் 540, மூன்றாம் நான்காம் நாளில் 720 என்று படிப்படியாகப் போர்டில் எழுதுங்கள். மேலிடத்தை மகிழ்விக்க முதல் நாளே 720 என்று எழுதினால், காலை பத்து மணிக்கே இது ஆகாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தபின் யாரும் முயல மாட்டார்கள். முயல்கிறவர் வேகத்துக்காகத் தவறை மறைத்துக் கீழே தள்ளுவார். அது செக்கிங்கில் ஆல்டராகத் திரும்பி வரும்.

போர்டை மணிக்கு ஒருமுறை நீங்களே எழுதுங்கள். இலக்கு, வந்தது, குறைந்திருந்தால் காரணம். காரணம் எழுதும் கட்டம்தான் முக்கியம். “பாட்டம் பிளாட்லாக் 25 நிமிடம் நின்றது” என்று எழுதியிருந்தால் மாலையில் மெக்கானிக்கோடு பேச உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. வெறும் எண் மட்டும் இருந்தால் பழி டெய்லர் தலையில் விழும்.

மணிக்கு 90 வரவேண்டிய இடத்தில் 70 வந்தால், கடைசியில் உட்கார்ந்திருப்பவரை நெருக்காதீர்கள். லைன் ஓரமாக நடந்து பண்டில் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்லீவ் அட்டாச்சுக்கு முன்னால் ஐந்தாறு பண்டில் கிடக்கிறது, அதற்கு அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார் என்றால் முடிச்சு அங்கே. அங்கே இரண்டு பேர் சேர்ந்து 70தான் தருகிறார்கள். அவர்களை விரட்டினால் 72 ஆகும், துணியில் இழுப்பு விழுந்து பத்து பீஸ் ஆல்டர் வரும். மாறாக, கை எது உடம்பு எது என்று பிரித்துக் கொடுக்க ஒரு கைமடியைப் பக்கத்தில் வையுங்கள். வேகமாக முடிக்கும் ஷோல்டர் ஓவர்லாக்காரரை மணிக்கு இருபது நிமிடம் இந்த வேலைக்கு மாற்றுங்கள். அவருக்கு இது தெரியுமா என்பதை முதல் வாரத்தில் போட்ட தாள் சொல்லும்.

ஒருவர் வேலை குறைந்தால் பார்க்கும் வரிசை

இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கீழிருந்து மேலே போகாதீர்கள்.

பண்டில் சரியாக வருகிறதா? கை ஒரு பண்டில், உடம்பு வேறு பண்டில் என்று கலந்து வந்தால் டெய்லர் தைப்பதை விட்டுவிட்டு ஸ்டிக்கர் நம்பர் தேடிக்கொண்டிருப்பார். தேடாமல் தைத்தால் ஷேடு மாறும்.

நூலும் ஊசியும் எப்படி? சிங்கிள் ஜெர்சி போன்ற மெல்லிய துணிக்கு 9 முதல் 11ஆம் நம்பர் வரை பால் பாயின்ட் ஊசி போதும். தடித்த ஊசியோ மழுங்கிய ஊசியோ போட்டால் தையல் ஓரத்தில் பொடிப் பொடி ஓட்டை விழும். அதைத் தையல்காரர் கைமேல் போட்டுத் திட்டும் காட்சி லைனில் சகஜம். ஊசியை மாற்றினால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

மிஷின், வெளிச்சம், உட்காரும் உயரம்? கறுப்பு, நேவி துணி ஓடும் நாளில் ஊசி முனையில் வெளிச்சம் போதாவிட்டால் யாராக இருந்தாலும் வேகம் குறையும்.

சொன்னது புரிந்ததா? “கொஞ்சம் உள்ளே தள்ளித் தைங்க” என்பது அறிவுரையே கிடையாது. எத்தனை மில்லிமீட்டர், எதிலிருந்து எது வரை என்று மிஷின் பிளேட்டில் டேப் ஒட்டிக் காட்டுங்கள்.

இவ்வளவும் சரி என்றால் பயிற்சி போதவில்லையா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் உடம்பு, வீடு. நேற்றுவரை நன்றாகச் செய்தவர் திடீரென்று குறைந்தால் காய்ச்சலோ, மாதவிடாய் வலியோ, வீட்டுப் பிரச்சினையோ, கடன்காரர் போனோ இருக்கும். தனியாகக் கூப்பிட்டு “இன்னிக்கு முடியலீங்களா? உட்கார்ந்து செய்யற லேசான வேலைக்கு மாத்தித் தரட்டுங்களா?” என்று கேளுங்கள். என்ன பிரச்சினை என்று துருவ வேண்டாம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

இத்தனைக்கும் பிறகுதான் மனமில்லாமல் செய்கிறாரா என்ற கேள்வி. அங்கே வந்து சேர்கிறவர்கள் மிகச் சிலரே.

தவறைச் சொல்லும்போது

மிஷின் பக்கத்தில், தணிந்த குரலில், தவறான பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, சரியான பீஸைப் பக்கத்தில் வைத்து. தவறு நடந்த அரை மணிக்குள். மாலையில் 60 பீஸைக் குவித்து வைத்துக் கேட்டால், அதற்குள் அந்த அறுபதையும் தைத்துவிட்டாரே! அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

“எத்தனை தடவை சொல்றது, கண்ணு தெரியாதா?” என்பதில் அவர் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. “இந்தப் பீஸ்ல பின்கழுத்து டேப் ஷோல்டர் தையலுக்கு வெளியே போகுதுங்க்கா. தையல் மேலயே முடியணும். மூணு பீஸ் தைங்க, சேர்ந்து பார்ப்போம்” என்பதில் எல்லாம் இருக்கிறது. மூன்றும் சரியானதும் நகருங்கள். அரை மணி கழித்து மறுபடி வந்து இரண்டு பீஸை எடுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் “சரியா வருதுங்க” என்று ஒரு சொல். பலர் தவறைச் சொல்ல வருவார்கள், சரியானதைச் சொல்ல வர மாட்டார்கள். அப்படியானால் உங்களைப் பார்த்தாலே பயம் என்றாகிவிடும்.

பல கம்பெனிகளில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு அட்டை தொங்கும். நாளைக்கு நான்கு முறை, முடிந்த பண்டிலிலிருந்து ஏழு பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். தவறில்லை என்றால் பச்சை, ஒன்று என்றால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. நல்ல முறைதான், ஆனால் சிவப்பு விழுந்தால் உதவி வர வேண்டும். சிவப்புக்குப் பிடித்தம் என்று ஆக்கிவிட்டால், நல்ல ஏழு பீஸை மேலே அடுக்கி வைக்கக் கற்றுக்கொள்வார்கள். அட்டை பச்சையாக இருக்கும், பெட்டி திரும்பி வரும்.

பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஊசி விஷயத்தைப் பாருங்கள். ஊசி உடைந்தால் வேலையை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, பிறகுதான் புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த இடத்திலுள்ள பீஸ் முழுவதையும் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். இது முறை. உடைத்தவரைத் திட்டுவதோ, ஊசிக்குக் காசு பிடிப்பதோ வழக்கமாகிவிட்டால், அவர் பையில் வைத்திருக்கும் சொந்த ஊசியை மாட்டிக்கொண்டு பேசாமல் தைப்பார். அந்தத் துண்டு ஒரு குழந்தையின் சட்டைக்குள் போகும். ஊசி உடைந்ததை வந்து சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். மெய்யாகவே நன்றிக்குரிய காரியம் அது.

புதியவரை உட்கார வைப்பது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான புதிய ஆட்களுக்குச் சீக்கிரம் வேலை கற்றுத் தர வேண்டியிருந்தது. அப்போது சூப்பர்வைசர்களுக்காகவே ஒரு பயிற்சித் திட்டம் உருவானது. டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry) என்பார்கள். போருக்குப் பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. அதன் நான்கு படிகள் இன்றும் தையல் லைனுக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் ஆளைத் தயார்படுத்துவது: பெயர் கேட்டு, முன்பு என்ன செய்தார் என்று விசாரித்து, இந்த வேலை சட்டையில் எங்கே வருகிறது என்று காட்டுவது. இரண்டாவது, செய்து காட்டுவது: ஒருமுறை பேசாமல், ஒருமுறை ஒவ்வொரு அசைவையும் சொல்லி, ஒருமுறை ஏன் அப்படி என்று சொல்லி. மூன்றாவது, அவரைச் செய்யச் சொல்லி, ஏன் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது. நான்காவது, தனியே விட்டு, முதலில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்பது. “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர லைனிலேயே வேகமானவரைப் போடுவது வழக்கமான பிழை. அவருக்குப் பொறுமை இருக்காது, அவருடைய பீஸும் குறையும். நிதானமாகச் சுத்தமாகத் தைக்கிறவரைப் போடுங்கள். புதியவரின் முதல் மூன்று நாளில் எண்ணிக்கை கேட்கவே வேண்டாம். முதல் வாரத்தில் யாரோடு சாப்பிடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். தனியாகச் சாப்பிடுகிறவர் அடுத்த வாரம் வராமல் போக வாய்ப்பு அதிகம்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் லைனில் இருந்தால் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “ஏய் இந்தி” என்று கூப்பிட்ட வாயால் தரம் பற்றிப் பேச முடியாது. எல்லாவற்றையும் காண்ட்ராக்டர் வழியாகவே சொல்லி அனுப்பினால் அவர் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடும். சம்பளத் தகவல் உட்பட. நூல், ஊசி, அளவு, நிறுத்து, சரி, லீவு, எவ்வளவு என்று ஒரு 30 சொல்லையாவது நீங்களும் இந்தியில் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டைல் குறிப்பைப் படமாக வரைந்து ஒட்டுங்கள். படம் எல்லா மொழிக்காரருக்கும் பொது.

உங்கள் ஊர், உங்கள் சாதி, உங்கள் உறவு என்று லைனில் ஒரு பக்கம் சாயாதீர்கள். ரேட் நல்லதாக உள்ள வேலையை யாருக்குத் தருகிறீர்கள், லீவை யாருக்குச் சட்டென்று தருகிறீர்கள், யாரோடு டீ குடிக்கிறீர்கள் என்பதை 26 பேரும் ஒவ்வொரு நாளும் கணக்கு வைக்கிறார்கள்.

காசு, நேரம், லீவு

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. சம்பளக் கணக்கை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பீஸ் ரேட் என்றால் ஸ்டைல் ஏறுவதற்கு முன்பே ரேட்டைப் போர்டில் எழுதுங்கள். பாதி ஓடிய பிறகு சொல்லும் ரேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஏமாற்றியதாகவே தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு. அன்றன்றைக்குத் தைத்த எண்ணிக்கையை எழுதி, மாலையில் இருவரும் கையெழுத்து. சனிக்கிழமை கூலி வாங்கும்போது வரும் சண்டையில் பெரும்பகுதி புதன்கிழமை எழுதாமல் விட்ட எண்ணிக்கையால் வருவது. கணக்கில் குறை என்று ஒருவர் வந்தால், “ஆபீஸ்ல கேளுங்க” என்று அனுப்பாதீர்கள். பண்டில் சீட்டை எடுத்து அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். குறை உண்மை என்றால் நீங்களே ஆபீஸுக்குப் போய்த் திருத்தி வாங்கிக் கொடுங்கள். இதை ஒருமுறை செய்தால் கிடைக்கும் நம்பிக்கை, ஆண்டு முழுக்கப் பேசினாலும் வராது.

டேமேஜ் பீஸுக்கு உங்கள் இஷ்டத்துக்குப் பிடித்தம் போட உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அபராதம் என்றால் அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான், அதுவும் அந்த மாதக் கூலியில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய கூலிச் சட்டத்திலும் இதுதான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதுதான். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போகும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பதும் மாறவில்லை. காலை 8.30 முதல் இரவு 8.30 வரை ஓடும் ஒன்றரை ஷிப்ட் இங்கே ஊர்ப் பழக்கமாக இருப்பதால், அதைச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குள் கேட்டுவிடுங்கள். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் பார்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும். ஐந்தரை மணிக்குக் கதவருகே நின்று “இன்னிக்கு எல்லாரும் இருக்கணும்” என்பது கொடுமை. முடியாது என்றவரை மறுநாள் மோசமான வேலைக்கு மாற்றிப் பழிவாங்கினால், அடுத்த முறை எல்லோரும் சரி என்பார்கள், பாதிப் பேர் மறுநாள் வர மாட்டார்கள்.

சனிக்கிழமை கூலி, திங்கட்கிழமை ஆள் குறைவு என்பது பழைய கதை. வெள்ளிக்கிழமையே “திங்கள் யாருக்கு வேலை இருக்குதுங்க?” என்று கேளுங்கள். ரேஷன், ஆஸ்பத்திரி, ஊர்க் கோயில் விசேஷம் என்று சொல்வார்கள். சொன்னவருக்கு முகம் சுளிக்காமல் லீவு கொடுத்தால் மற்றவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். சொல்லிவிட்டு எடுக்கும் லீவுக்கு நீங்கள் ஆளைத் தயார் செய்யலாம்.

வெளிமாநிலத்தவர் லீவுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். பீகார்க்காரர்களுக்கு தீபாவளியைவிட அதற்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜை முக்கியம். ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை, வங்காளிகளுக்கு துர்கா பூஜை. ரயில் டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே 75 நாளுக்கு முன்பே யார் எப்போது போகிறார்கள் என்று எழுதி வாங்கி, இரண்டு அணியாகப் பிரித்து, தேதியை உறுதி செய்துவிடுங்கள். லீவு உறுதியாகாமல் டிக்கெட் எடுத்தவர் எப்படியும் போய்விடுவார். திரும்பி வருவாரா என்பது நீங்கள் அவரை அனுப்பிய விதத்தைப் பொறுத்தது.

கழிப்பறைக்கு டோக்கன், நிமிடக் கணக்கு என்று எந்தக் கட்டுப்பாட்டையும் வைக்காதீர்கள், வைக்கச் சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். சிறுநீர்த் தொற்றும் தலைசுற்றலும் வரும். கோடையில் லைனிலேயே தண்ணீர் இருக்க வேண்டும்.

உங்கள் கையில் எடுக்கக் கூடாதது

ஒரு பெண் வந்து மெக்கானிக் கையைத் தொட்டார், காண்ட்ராக்டர் இரவில் போன் செய்கிறார் என்று சொன்னால், நீங்கள் விசாரிக்கக் கூடாது, இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசக் கூடாது, “அவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க” என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லக் கூடாது. கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், அன்றைக்கே உள் புகார்க் குழுவிடம் கூட்டிப் போங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். புகார் சொன்ன பெண்ணை வேறு லைனுக்கு மாற்றி “பிரச்சினை தீர்ந்தது” என்று நினைப்பது அவரைத் தண்டிப்பது. குழு உறுப்பினர்கள் பெயரும் போன் நம்பரும் பெண்கள் கழிப்பறைப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

உண்மையாகவே வேலை செய்ய மறுப்பவர்

மேலே சொன்ன வரிசை முழுவதும் பார்த்தும் மாறவில்லை என்றால், தனி இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். என்ன நடந்தது என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். “நீங்க எப்பவுமே லேட்” என்பதற்குப் பதில் “இந்த வாரம் செவ்வாய், வியாழன், வெள்ளி மூணு நாளும் ஒன்பதுக்கு மேல வந்தீங்க” என்று சொல்லுங்கள். அவர் பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். எது மாற வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று முடிவு செய்து இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் மறுபடி உட்காருங்கள். உட்காராவிட்டால் முதல் பேச்சுக்கும் மதிப்பில்லை. மாறவில்லை என்றால் ஹெச்.ஆர். வழியாக எழுத்தில். குடித்துவிட்டு மிஷினில் உட்காருவது, கைகலப்பு, கட்டிங் மிஷினில் மெட்டல் கையுறை போட மறுப்பது ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் இல்லை. அந்த நொடியே வேலையை நிறுத்த வேண்டும்.

மேலேயிருந்து வரும் அழுத்தம்

மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) கப்பல் தேதியைச் சொல்லி நெருக்குவார், மேனேஜர் கத்துவார். அந்தக் கத்தலை அப்படியே லைனில் இறக்கிவைக்காதீர்கள். உங்கள் வரை வந்து அது தகவலாக மாற வேண்டும்: “வெள்ளிக்குள் 3,000 பீஸ் போகணும், இன்னும் 1,460 பாக்கி.” மேலே பேசும்போதும் எண்ணோடு பேசுங்கள். “ஆகும் சார்” என்று தப்பித்துவிட்டு வெள்ளிக்கிழமை கைவிரிப்பதைவிட, புதன்கிழமையே “மணிக்கு 82 வருதுங்க சார், வெள்ளிக்கு 150 பீஸ் குறையும். இன்னொரு பிளாட்லாக் ரெண்டு நாளைக்குக் கொடுத்தா முடிச்சிடலாம்” என்று சொல்வது எல்லோருக்கும் நல்லது. முதலில் திட்டு விழும். இரண்டு மூன்று முறை உங்கள் எண் சரியாக இருந்தபின் நீங்கள் சொல்வதைக் கேட்டுத் தேதி போடுவார்கள்.

உங்களுக்கு அடுத்து ஒருவர்

ஆறு மாதம் ஆனதும் லைனிலிருந்து ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். வேகமானவரைத் தேடாதீர்கள், பக்கத்து மிஷின்காரர் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கிறார் என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். முதலில் மணிப் போர்டை அவரிடம் கொடுங்கள், பிறகு காலைச் சரிபார்ப்பு, பிறகு புதியவருக்குச் சொல்லித் தருவது. கூலிக் கணக்கையும் லீவு முடிவையும் கடைசியில் கொடுங்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு உண்டா என்பதை அவரைக் கேட்பதற்கு முன் ஆபீஸில் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு நாள் லீவு போடுங்கள். மறுநாள் வந்து, போர்டில் காரணம் எழுதும் கட்டம் எட்டு மணி நேரமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போன மணி நேரங்களில் என்ன ஆனது என்று அவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவருக்கு அடுத்த பாடம்.